அதலைக்காய் எந்தக் கோப்பில் இருக்கிறது?

வேளாண்மை, உணவுப் பாதுகாப்பு ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும், உணவு ஆய்வுக்கூடங்களையும் தாவர ஆராய்ச்சியையும் நடத்துகிற அறிஞர்களுக்கும்,

போன புரட்டாசியில் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. டீ, வடை கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். 'கட்டுப்படுத்த வேண்டிய களைகள்' என்ற தலைப்பின் கீழ் கோரை, அறுகு, சாரணை என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஏழாவதாக அதலை இருந்தது. "கிழங்குள்ள பல்லாண்டுக் களை. கொடி படரும் முன் மருந்து தெளிக்கவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. (சாரணையும் எங்களுக்குக் கீரைதான். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.)

பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, "வாத்தியாரே, அதலை என்று போட்டிருக்கிறதே, நாம் தின்கிற அதலையா?" என்று கேட்டார். எழுந்து நின்று அதையே அலுவலரிடம் கேட்டேன். "பயிருக்கு நடுவே வந்தால் எல்லாம் களைதான் சார்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தது தப்பு என்று தோன்றியதால்தான் இப்போது எழுதுகிறேன்.

விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவன் நான். முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றேன். அதலைக்காய் எனக்குப் பாடப் புத்தகத்தில் அறிமுகமான செடி அல்ல. என் அம்மாவின் மடியில் பார்த்த காய். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் கரிசல் வெடிப்புக்குள்ளிருந்து நூல் மாதிரிக் கொடி எட்டிப் பார்க்கும். கோடை முழுக்க மண்ணுக்கடியில் உறங்கிய கிழங்கு விழித்துக்கொண்டது என்று அர்த்தம். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. விதையைச் சேர்த்து வைத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு லேசில் முளைப்பதும் இல்லை. தட்டாம்பயறு அளவில் தொடங்கி இரண்டு சென்டிமீட்டர் வரும்போது காய் பறிக்கப் பதமாகிவிடும். மேலிருந்து கீழாக எட்டு வரி ஓடியிருக்கும். ஆணி இல்லாத சின்னப் பம்பரம் என்று சொன்னால் பார்க்காதவர்களுக்குப் புரியலாம்.

காலையில் வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். பறித்த அன்றைக்கே ஆய்ந்துவிட வேண்டும். காம்பு ஒரு கிள்ளு, முனை ஒரு கிள்ளு. நூறு காய் ஆய்ந்து முடிப்பதற்குள் கட்டைவிரல் நகக்கண்ணில் கசப்பு ஏறிவிடும், சோறு பிசைந்தால் சோறு கசக்கும். சோம்பல்பட்டு மறுநாளைக்கு என்று வைத்தால், முற்றிய காய்கள் இரவோடு இரவாகத் தாமாகவே வெடித்து விதையைச் சொளகெல்லாம் தெறிக்கவிட்டிருக்கும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கி, இறக்கும்போது வறுத்த நிலக்கடலைப் பொடி தூவுவார் அம்மா. சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டிச் சந்தைகளில் மழைக்காலத்தில் கூறு கட்டி விற்பார்கள். விற்பவர்கள் எல்லாரும் பெண்கள். பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள். அடுத்தவர் காட்டு வரப்பில் முளைத்ததைப் பறிக்க அவர்களை யாரும் தடுத்ததில்லை. நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் அது. உங்கள் துண்டறிக்கை கைவைப்பது அந்தப் பழக்கத்தின் மேலும்தான்.

துண்டறிக்கை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வேறு இரண்டு காரியங்களும் நடந்தன.

எங்கள் ஊர் மகளிர் குழு அதலை வற்றல் போட்டு விற்கலாம் என்று கிளம்பியது. மழைக்காலத்தில் இரண்டே மாதம் கிடைக்கிற காய், வற்றலாக்கினால் வருடம் முழுக்க ஓடும். பொட்டலத்தின் மேல் சத்து விவரம் அச்சிட வேண்டும் என்றார்கள். சரி என்று இரண்டு கிலோ வற்றலை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வுக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். மாதிரியை வாங்கிக்கொண்ட இளைஞர் கணினியில் தேடினார். அதலைக்காய் என்ற பெயர் இல்லை. தாவரவியல் பெயர் கேட்டார். மொமார்டிகா சிம்பலேரியா என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொமார்டிகா என்றால் பாகல் இனம்தானே சார்?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் 'பாகற்காய் வற்றல்' என்று பதிந்து ரசீது கொடுத்துவிட்டார். அந்தப் பெண்களுக்கோ கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் விற்கிற பொட்டலத்துக்குள் இருப்பது அதலை. மேலே இருக்கிற பெயர் பாகல். பொய் சொல்ல வேண்டும் என்று அந்தக் குழுவில் ஒருவரும் நினைக்கவில்லை. உண்மையை எழுதக் கணினியில் இடம் இல்லை.

இன்னொன்று, பக்கத்து நகரத்துப் பஸ் நிலையத்தில் நடந்தது. தள்ளுவண்டியில் பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். 'அதலைக் கிழங்குப் பொடி. சர்க்கரை நோய்க்கு. காலை மாலை ஒரு ஸ்பூன்.' தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. விற்பவரிடம், "காய்ப் பொடியா, கிழங்குப் பொடியா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே செடிதானே ஐயா" என்றார்.

ஒரே செடிதான். ஆனால் எங்கள் ஆச்சி காயை எங்கள் தட்டில் போட்டவர், கிழங்கைத் தொடவிட்டதில்லை. உழும்போது கிழங்கு அறுபட்டு மேலே வந்தால் எடுத்து வரப்புக்கு அப்பால் எறிவார். "பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் இது வரக்கூடாது" என்பார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆச்சி சொன்னதை மூடநம்பிக்கை என்று நினைத்தே நானும் பல வருடம் வகுப்பெடுத்தேன். பிறகு, 2007-இல் இந்திய மருந்தியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வைப் படித்தேன். இந்தச் செடியின் வேரைச் சாராயத்தில் வடித்தெடுத்த சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, கரு கருப்பையில் ஒட்டிப் பதிவது தடைபட்டிருக்கிறது. ஆச்சி வரப்புக்கு அப்பால் எறிந்த பொருளைத்தான் பஸ் நிலையத்தில் காலை மாலை ஒரு ஸ்பூன் சாப்பிடச் சொல்கிறார்கள். வாங்குகிறவர்களில் கல்யாணமான இளம்பெண்கள் இருக்க மாட்டார்கள் என்று உங்களில் யாராவது எழுதித் தர முடியுமா?

ஆக, ஓர் அலுவலகத்தில் இது களை. ஓர் ஆய்வுக்கூடத்தில் இது பாகற்காய். தள்ளுவண்டியில் இது மருந்து. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று வருகிற அதலைக்காய் மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. நடந்திருக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, நூறு கிராம் அதலைக்காயில் 72 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதாகவும், அது பாகற்காயில் உள்ளதைவிட மிக அதிகம் என்றும் சொல்கிறது. பொட்டாசியம், நார்ச்சத்து, வைட்டமின் சி ஆகியவையும் பாகலைவிடக் கூடுதல். ஆந்திரத்து ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அலோக்சான் கொடுத்து நீரிழிவு வரவழைத்த எலிகளில் இதன் காய்ப் பொடியைப் பரிசோதித்து, இரத்தச் சர்க்கரை இறங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே இதற்குக் காசரக்காய் என்று பெயர். கன்னடத்தில் கர்ச்சிக்காய்.

சிக்கல் என்னவென்றால் இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. 2002 ஆய்வு இந்தச் செடியை மொமார்டிகா டியூபரோசா என்கிறது. எலி ஆய்வுகள் மொமார்டிகா சிம்பலேரியா என்கின்றன. இந்தியச் செடிகளை வகைப்படுத்தி எழுதிய பழைய தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதைப் பீர்க்கு இனத்தில் சேர்த்து லுஃபா டியூபரோசா என்று எழுதி வைத்தார். மூன்றும் ஒரே கொடிதான். ஒரு பெயரைத் தேடுகிறவருக்கு மற்ற இரண்டு பெயர்களில் இருப்பது அகப்படாது. கிழங்கின் ஆபத்தைச் சொல்கிற தாளும் காயின் சத்தைச் சொல்கிற தாளும் வெவ்வேறு செடிகளைப் பற்றியவை போலக் கிடக்கின்றன. இவற்றைச் சேர்த்து வைத்துப் படிக்கிற வேலையை ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து செய்யவேண்டியதாக இருக்கிறது.

சத்துக் கணக்குக்கும் என்னிடம் கேள்விகள் உண்டு. வைட்டமின் சி பச்சைக் காயில் இருக்கிறது, சரி. நாங்கள் யாரும் பச்சையாகத் தின்பதில்லை. இருபது நிமிடம் எண்ணெயில் சுருண்டபின் எவ்வளவு மிச்சம்? மோரில் ஊறவைத்து நாலு நாள் வெயிலில் காய்ந்த வற்றலில் எவ்வளவு? சுண்ணாம்புச் சத்து அளவில் அதிகம் என்றால் போதுமா, காயிலேயே இருக்கக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா, உடம்பில் சேர்கிறதா? பிஞ்சுக்கும் முற்றலுக்கும் என்ன வித்தியாசம்? சமைக்கிற பெண்கள் கேட்கிற கேள்விகள் இவை. அவர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இனி, நான் தொழிலாகச் செய்த விஷயத்துக்கு வருகிறேன். உள்ளமைப்பு.

அந்த டப்பாவை நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன், தின்பதற்கு அல்ல. வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு துளி அயோடின் விட்டேன். கருநீலம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனையும் தரசத் துகள்கள், அதாவது மாவுச்சத்து. அதலைக் கிழங்கின் தரசமா, எடை கூட்டச் சேர்த்த மரவள்ளி மாவா? அதைச் சொல்ல வேண்டுமானால் அதலைக் கிழங்கின் தரசத் துகள் எந்த வடிவம், எத்தனை மைக்ரான், அதில் வரி உண்டா, கூடவே என்ன படிகங்கள் வரும், காயின் தோலில் எந்த மாதிரித் தூவிகள் என்பதற்கெல்லாம் ஒரு படத்தாள் வேண்டும். உணவு மாதிரி எடுக்கிற அலுவலர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். மிளகாய்த்தூளுக்கும் மஞ்சள்தூளுக்கும் இருக்கிறது, இதற்கு இல்லை என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆயுதம் கொடுக்காமல் காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள்.

தண்டைக் குறுக்கே வெட்டினால் அதலை தன் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளஸ் 1 பாடத்தில் பூசணித் தண்டு வருமே, தண்ணீர் கடத்துகிற சைலத்துக்கு வெளியே உணவு கடத்துகிற ஃபுளோயம் ஒன்று, உள்ளே ஒரு ஃபுளோயம், அந்த இருபக்க ஒருங்கமைந்த கற்றைகள்தான் இங்கேயும். முதல் முதலாக அதலைத் தண்டை வெட்டிக் காட்டியபோது என் மாணவிகளில் ஒருத்தி, "ஐயா, எங்கள் காட்டில் கிடக்கிறதுக்குள்ளேயும் பாடப் புத்தகம் இருக்கிறதே" என்றாள். ஆனால் குடும்பம் தெரிந்தால் போதாது. பொடியான பிறகு பாகலா, பீர்க்கா, அதலையா, அதலையிலும் காயா, கிழங்கா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உள்ளமைப்பியலை ஏதோ பரீட்சைக்குப் படம் வரைகிற பாடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கலப்படத்தையும் ஆள்மாறாட்டத்தையும் குறைந்த செலவில் பிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு பிளேடு, ஒரு நுண்ணோக்கி, பொறுமையுள்ள ஒரு கை. அவ்வளவுதான் செலவு.

பாதுகாப்பு பற்றி நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பூசணிக் குடும்பத்தின் கசப்பு விளையாட்டான சமாசாரம் அல்ல. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், உயிரிழப்பு ஏற்பட்டதும் இந்த நாட்டில் நடந்தவைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு, கசக்கிற சுரைச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. வீட்டுத் தோட்டத்துச் சுரைக்காயே அப்படி என்றால், காட்டுக் கிழங்கைப் பொடித்து விற்பதைச் சும்மா விடலாமா? சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இதையும் சேர்த்துச் சாப்பிட்டு, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி நடுரோட்டில் விழுந்தால், எதனால் விழுந்தார் என்று எந்த டாக்டருக்குத் தெரியும்?

அதோடு, களைக்கொல்லி. மக்காச்சோளக் காட்டில் விதைத்த மூன்று நாளைக்குள் அட்ரசின் அடிக்கிறார்கள். அப்புறமும் வரிசைக்கு நடுவே வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். அந்தக் காட்டு வரப்பில் மீறி முளைத்த அதலையைத்தான் பெண்கள் பறித்து வந்து சந்தையில் வைக்கிறார்கள். அந்தக் காயில் என்ன மிச்சம் இருக்கிறது என்று இதுவரை யாரும் எங்கள் ஊரில் ஒரு காயைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. செடியைக் கொல்லச் சொன்ன துண்டறிக்கையில், தெளித்த காட்டில் காய் பறிக்காதே என்று ஒரு வரி சேர்க்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. அதைத் தின்கிற மனிதர்கள் இருப்பதே உங்கள் நினைவில் இல்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் கேட்பவை இவை.

முதலில் அந்தத் துண்டறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதலை பயிருக்கு உண்மையிலேயே எவ்வளவு இழப்பு உண்டாக்குகிறது என்று மானாவாரிக் கரிசலில் அளந்து பார்க்காமல் அதைக் களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அளந்தபின் களை என்றே தீர்ப்பானாலும், வரப்பிலும் தரிசிலும் உள்ளதை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கிழங்கையும் வேரையும் பொடியாகவோ மாத்திரையாகவோ விற்பதை, நச்சுத்தன்மை ஆய்வு முடியும் வரை நிறுத்துங்கள். கருவுற்ற பெண்களும் கருவுற விரும்புகிற பெண்களும் அதை உட்கொள்ளக் கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இதற்கு ஆய்வு முடிகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே செய்யலாம். காயையும் கிழங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, காய் விற்கிற பெண்களைச் சந்தையிலிருந்து விரட்டிவிடவும் வேண்டாம். அந்தப் பயத்தோடுதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

காய், இலை, கிழங்கு மூன்றையும் தனித்தனியாக ஆராயுங்கள். பிஞ்சு, முற்றல், வதக்கியது, வற்றல் என்று நாங்கள் உண்கிற உருவத்தில் சத்தை அளந்து பாருங்கள். மருந்தடித்த காட்டுக் காயிலும் அடிக்காத காட்டுக் காயிலும் எச்சத்தைப் பாருங்கள். உள்ளமைப்புப் படத்தாள் ஒன்றை அச்சிட்டு உணவு ஆய்வாளர்கள் கையில் கொடுங்கள். உங்கள் கணினியில் அதலைக்காய் என்ற பெயரை, அதன் மூன்று தாவரவியல் பெயர்களோடும் ஏற்றுங்கள். எங்கள் மகளிர் குழுவின் வற்றலைக் கட்டணம் வாங்காமல் மறுபடி சோதித்து, சரியான பெயரில் சான்று கொடுங்கள். தப்பு உங்கள் பக்கம் நடந்தது.

ஆய்வில் நல்லது எதுவும் தெரியவந்து, நாளைக்கு யாராவது அதை வைத்துப் பணம் பண்ணுவதாக இருந்தால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பலனைப் பகிரச் சொல்கிறது என்பதை இப்போதே நினைவூட்டுகிறேன். எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அதலையையும், அதைப் பறித்துக் காத்துவருகிற பெண்களின் அறிவையும் எழுத ஏற்பாடு செய்யுங்கள். ஆச்சியின் எச்சரிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும். முடிவுகளைத் தமிழில், சந்தையில் கூறு கட்டி விற்கிறவர் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் புரிந்துகொள்கிற தமிழில் கொடுங்கள்.

மாதிரி எடுக்க நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். வருகிற ஐப்பசியில் இரண்டாவது மழை பெய்து இருபது நாள் கழித்து வாருங்கள். எந்த வரப்பில் மருந்து படவில்லை, எந்தக் காட்டில் பட்டது என்று எனக்கும் அந்த அக்காவுக்கும் தெரியும். கிழங்கைத் தோண்ட மண்வெட்டி என்னிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கொடி துவண்டுவிடும், பறித்த காயையும் அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். மறுநாள் என்றால் வெடித்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
விளாத்திகுளம் வட்டாரம்